கீழக்கரை வீட்டு ஆட்டோமேஷனுக்கு எந்த பெட்டி வாங்கலாம்? பை 5-ஆ, மினி பிசியா?

தம்பி, நீ கேட்டதோட சுருக்கம் இதுதான்: கீழக்கரை வீட்ல வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்காங்க, நீ கத்தார்ல, ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டு சாதனங்கள ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு மோட்டார், மேல்தொட்டி, வாசல் லைட்டு, கேட்டு கேமரா எல்லாத்தையும் ஒரே எடத்துக்கு கொண்டு வரணும், வீட்ல 150 ஏஎச் பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் ஏற்கனவே இருக்கு, இதுக்கு ராஸ்பெர்ரி பை 5-ங்குற கை அளவு கம்ப்யூட்டர் போர்டு வாங்குறதா இல்ல இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி வாங்குறதா, எது வருஷக்கணக்கா தொந்தரவு இல்லாம நிக்கும்.

உன் நெலமையில நான் ரெண்டையும் வாங்க மாட்டேன், ஆபீஸ்கள்ல இருந்து கழிச்சு விட்ட சின்ன பிசி ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்குவேன். லெனோவோ எம்710க்யூ டைனி, டெல் ஆப்டிபிளக்ஸ் 3050 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 மினி, இந்த மாதிரி ஒரு டிபன் பாக்ஸ் சைஸ்ல இருக்குற ஐட்டம். மதுரையிலயும் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல குவிஞ்சு கெடக்கும். எதுக்கு இத சொல்றேன்னா நம்ம கரையில பெட்டிய கொல்றது ப்ராசஸர் பத்தாம போறது கிடையாது. கரண்டு போய் போய் வர்றது, உப்புக் காத்து, ஸ்டோரேஜ் சாவுறது, இந்த மூணுதான். அதுக்கு மேல நீ ஊர்ல இல்ல. அதனால பெட்டி விழுந்தா தானா எந்திரிக்கணும், எந்திரிக்கலன்னா வாப்பா போன்ல சொல்றத வச்சு பக்கத்து வீட்டு பையன் யாராச்சும் வந்து பார்ட்ட மாத்தி வைக்க முடியணும். இந்த கணக்குல பாத்தாத்தான் சரியா வரும், யூட்யூப்ல காட்டுற ஸ்பீடு டெஸ்ட்டெல்லாம் நமக்கு எதுக்கு.

ப்ராசஸர் விஷயத்த ரெண்டே வரியில முடிச்சுருவோம். ஹோம் அசிஸ்டண்ட் லேசான சரக்கு, 4 ஜிபி ரேம் உள்ள பை 4-லயே சொகமா ஓடும். ஆறாவது ஜெனரேஷன் ஐ5, எட்டாவது ஜெனரேஷன் ஐ3, 2023-ல வந்த என்100, எதுவா இருந்தாலும் உன் வேலைக்கு தாராளம். கரண்டு பில்லு பயமும் வேணாம், சின்ன பிசி சும்மா இருக்குறப்ப 10 வாட்டுக்கு அங்கிட்டு இங்கிட்டு இழுக்கும், மாசம் 7 யூனிட்டு, ரெண்டு மாச பில்லுக்கு 14, 15 யூனிட்டு வரும் அம்புட்டுத்தான். பெரிய டவர் சிபியு வச்சா 40 வாட்டு போகும், ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 58 யூனிட்டு, இலவச 100 யூனிட்டுல பாதிக்கு மேல அதுவே தின்னுரும், அதனால வீட்ல பழைய டவர் கெடந்தா கூட அத இதுக்கு போடாத. 32 பிட் பழைய மெஷினு இருந்தா அதையும் தூக்கி ஓரமா வச்சுரு, ஹோம் அசிஸ்டண்ட் 2025 கடைசியோட 32 பிட்டுக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க.

இப்ப பை 5 ஏன் வேணாங்குறேன். போர்டு அருமையான போர்டு, அதுல குறை இல்ல. ஆனா அதுக்கு 5 வோல்ட்ல 5 ஆம்பியர் கேக்குது, அந்த 27 வாட் அஃபிஷியல் சப்ளைதான் அத சரியா குடுக்கும். 65 வாட் போன் சார்ஜர் இருக்கேன்னு சொருகுனா அது 5 வோல்ட்ல பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும், அப்ப பை என்ன பண்ணும்னா யூஎஸ்பி போர்ட்டு எல்லாத்துக்கும் சேத்து 600 மில்லி ஆம்பியர்னு கட்டுப்படுத்திக்கும், அதுல நீ எஸ்எஸ்டியையும் (டிஸ்க்), ஜிக்பீ டாங்கிளையும் (சென்சார்களோட ஒயர் இல்லாம பேசுற யூஎஸ்பி குச்சி) மாட்டி வச்சிருந்தா எஸ்எஸ்டி திடீர்னு காணாம போகும், எர்ரர் வரும், நீ தோஹாவுல உக்காந்து மண்டைய பிச்சுக்குவ. பை 4-லயும் சப்ளை தொந்தரவு உண்டு, வோல்டேஜ் 4.63-க்கு கீழ போனா ஸ்கிரீன்ல ஒரு மின்னல் படம் காட்டும், ஆனா மானிட்டரே இல்லாம ஓடுற பெட்டியில அந்த மின்னல யாரு பாக்குறது. அந்த சப்ளை கெட்டுப்போனா அதே சப்ளை கீழக்கரையில எந்த கடையில கிடைக்கும்? லேப்டாப் அடாப்டர்னா ராம்நாட்ல போய் வாங்கிரலாம். தவிர பை 5, சப்ளை, கேஸ், கூலர், எஸ்எஸ்டி, அத மாட்ட ஹாட்டுங்குற கூடுதல் போர்டுன்னு எல்லாத்தையும் கூட்டிப் பாரு, ரேமோட எஸ்எஸ்டியோட வர்ற செகண்ட்ஸ் பிசி விலைய தொட்டுரும்.

என்100 பெட்டி மோசம் இல்ல. வீட்ல இன்வெர்ட்டர் இல்லன்னு சொல்லியிருந்தா நானே அதத்தான் சொல்லியிருப்பேன், ஏன்னா அதுல நெறைய 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுறது, ரவுட்டருக்கு வைக்கிற குட்டி டிசி யூபிஎஸ்லயே ஓட்டிரலாம். அங்கயும் ஒண்ணு கவனிக்கணும், கடையில கிடைக்கிற ரவுட்டர் யூபிஎஸ் முக்காவாசி 12 வோல்ட் 2 ஆம்பியர்தான், பெட்டி பூட் ஆகுறப்ப அதுக்கு மேல கேக்கலாம், 3 ஆம்பியர் எழுதியிருக்கான்னு பாத்து வாங்கணும். பேரு தெரியாத கம்பெனி பெட்டிகள்ல பயோஸ்ல (பெட்டி ஸ்டார்ட் ஆகுறப்ப வர்ற செட்டிங் மெனு) கரண்டு வந்தா தானா எந்திரிக்கிற ஆப்ஷன் பல நேரம் இருக்காது, உள்ள என்ன எஸ்எஸ்டி போட்டான்னு தெரியாது, அதுதான் எனக்கு அதுல இருக்குற சங்கடம்.

உன்கிட்ட இன்வெர்ட்டர் இருக்குறதால வேலை பாதி முடிஞ்சுச்சு. இன்வெர்ட்டர் பின்னாடியோ முன்னாடியோ யூபிஎஸ் மோடு, எக்கோ மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், வாப்பாவ பாக்கச் சொல்லு. யூபிஎஸ் மோடுல கரண்டு மாறுற நேரம் சுமாரா 10, 15 மில்லி செகண்டு, எக்கோவுல 40 வரைக்கும் போகும். 65 வாட் அடாப்டர்ல பெட்டி 10 வாட்டுதான் இழுக்குதுன்னா அடாப்டர் உள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல தேங்குன கரண்டு கொஞ்சம் அதிக நேரம் தாங்கும், அதனால பெரும்பாலும் எக்கோவுலயே பெட்டி அணையாது, இருந்தாலும் யூபிஎஸ் மோடுல வைக்கிறதுதான் நிம்மதி. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சுவிட்ச் எல்லாமே அதே இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும், பிசி மட்டும் உசுரோட இருந்து ரவுட்டர் செத்துக் கெடந்தா உனக்கு என்ன பிரயோஜனம்.

அடுத்து சொல்றதுதான் முக்கியம், நிதானமா படி. மழைக்காலத்துல நம்ம பக்கம் கரண்டு மணிக்கணக்கா போகும், சில நேரம் நாள் கணக்கா போகும். 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நேரத்துல இன்வெர்ட்டர் பேட்டரியும் காலி ஆகிரும், பெட்டி அணைஞ்சுதான் தீரும். கரண்டு திரும்ப வர்றப்ப அது தானா எந்திரிக்குதாங்குறதுதான் கேள்வி. ஆபீஸ் பிசிகள்ல பயோஸ்ல ஆஃப்டர் பவர் லாஸ், ஏசி ரெக்கவரி அப்படின்னு ஏதோ ஒரு பேர்ல ஒரு செட்டிங் இருக்கும், அத பவர் ஆன்ல வைக்கணும். லாஸ்ட் ஸ்டேட்னும் ஒண்ணு இருக்கும், அத நம்பாத, யாராச்சும் பட்டன அமுக்கி அணைச்சுட்டா அடுத்து கரண்டு வந்தாலும் அணைஞ்சேதான் கெடக்கும்.

செட்டிங் வச்சுட்டா மட்டும் போதாது. செகண்ட்ஸ் பெட்டியில உள்ள ஒரு 2032 பட்டன் செல்லு இருக்கும், அது பல வருஷம் பழசா இருக்கும். அது காலியாச்சுன்னா கரண்டு முழுசா போனதும் பல பெட்டியில பயோஸ் எல்லாத்தையும் மறந்துரும், நீ வச்ச பவர் ஆன் செட்டிங்கும் போயிரும், டைம் தப்புன்னு சொல்லி எஃப்1 அமுக்குன்னு கேட்டுட்டு நிக்கும். கீபோர்டே இல்லாத பெட்டியில யாரு எஃப்1 அமுக்குறது? அதனால வாங்குன அன்னைக்கே புது செல்லு, நல்ல பிராண்டா பாத்து போட்டுரு, காசு ரொம்ப ஆகாது. டெல் மைக்ரோவுல இன்னொரு சிக்கல், ஒரிஜினல் அடாப்டர் இல்லன்னா அடாப்டர் என்ன வகைன்னு தெரியலன்னு எழுதிட்டு அதுவும் எஃப்1-க்கு காத்துக்கிட்டு நிக்கும். பயோஸ்ல அடாப்டர் வார்னிங்க ஆஃப் பண்ண வழி இருக்கு, ஆனா ஒரிஜினல் அடாப்டரோட வாங்குறதுதான் உத்தமம். கீபோர்டு இல்லன்னு எர்ரர் காட்டி நிக்கிறதும் அங்கயே ஆஃப் பண்ணிரு. இதெல்லாம் முடிச்சுட்டு மானிட்டர், கீபோர்டு எல்லாத்தையும் உருவிட்டு, பிளக்க புடுங்கி ஒரு ராத்திரி முழுக்க அப்படியே போட்டு வச்சு காலையில சொருகு. ஒண்ணையும் தொடாம ஹோம் அசிஸ்டண்ட் பேஜு போன்ல வரணும். இந்த டெஸ்ட்டு பாஸ் ஆகாத பெட்டிய வீட்ல வச்சுட்டு ஃபிளைட் ஏறாத.

ஸ்டோரேஜுக்கு வருவோம். ஹோம் அசிஸ்டண்ட் ஒவ்வொரு சென்சார் மாத்தத்தையும் டேட்டாபேஸ்ல எழுதிக்கிட்டே இருக்கும், அஞ்சு செகண்டுக்கு ஒருதடவ எழுதுறதுதான் அதோட பழக்கம், பத்து நாள் சரக்க வச்சுக்கும். இந்த எழுத்துத்தான் மெமரி கார்ட கொல்லுது. எழுதிக்கிட்டு இருக்குறப்ப பாதியில கரண்டு போச்சுன்னா டேட்டாபேஸும் கெட்டுப்போகும், சில கார்டு அதோடவே போய்ச் சேந்துரும். அதுக்குத்தான் எஸ்எஸ்டி. அதுலயும் தெருவுல மலிவா கிடைக்கிற ஊரு பேரு தெரியாத எஸ்எஸ்டி வாங்குனா கார்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நல்ல பிராண்டுல 256 ஜிபி போதும், பெருசா இருந்தா தேய்மானம் பரவும்ங்குறதால வேணும்னா 500 போட்டுக்க. இன்னும் உறுதியா வேணும்னா சர்வர்ல போடுற எஸ்எஸ்டி செகண்ட்ஸ்ல வரும், சாம்சங் பிஎம்883, இன்டெல் எஸ்3500 மாதிரி, அதுக்குள்ள வரிசையா கெப்பாசிட்டர் இருக்கும், கரண்டு சட்டுனு போனாலும் கையில இருக்குறத எழுதி முடிச்சுட்டுத்தான் அணையும். நம்ம ஊருக்கு அதுதான் தங்கம். அது 2.5 இன்ச்சு சாட்டா, அதாவது லேப்டாப் ஹார்டு டிஸ்க் சைஸ், அந்த சின்ன பிசிகள்ல பல மாடல்ல அதுக்கு எடம் இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி மூடிய தொறந்து பாத்துக்க. செகண்ட்ஸ் எஸ்எஸ்டின்னா ஸ்மார்ட் ரிப்போர்ட்ட (எஸ்எஸ்டி தன்னப் பத்தி தானே வச்சிருக்குற கணக்கு) போட்டுக் காட்டச் சொல்லு, எத்தன மணி நேரம் ஓடிருக்கு, எம்புட்டு எழுதிருக்குன்னு அதுல தெரியும். கடைக்காரர் காட்ட மாட்டேன்னாருன்னா அடுத்த கடைக்கு போ. போர்டுலயே ஒட்டி வர்ற இஎம்எம்சி மெமரி மட்டும் உள்ள பெட்டி வேணவே வேணாம், அது செத்தா போர்டே குப்பை.

உப்பு. என்னை மாதிரி மண்டபத்துக்காரன்கிட்ட உப்பப் பத்தி கேட்டா நிறுத்த மாட்டான், பரவாயில்ல கேளு. காரைக்குடி சிக்ரிக்காரங்க (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) துரு எப்படி ஏறுதுன்னு பாக்கவே மண்டபத்துல தகடுகள காயப்போட்டு வச்சிருக்காங்கன்னா எடம் எப்படின்னு பாத்துக்க, 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கே துரு ஏறாம இருக்க பாலிசிலாக்சேன் பூச்சு அடிச்சுத்தான் நிறுத்திருக்காங்க. காத்துல ஈரம் 75 சதவீதத்த தாண்டுனா உப்புத்தூள் தானா தண்ணிய இழுத்து கரையும், மழைக்காலத்துல அடுப்படி உப்பு ஜாடி கசியுதுல்ல, அதே வேலை உன் மதர்போர்டு மேலயும் நடக்கும். கரைஞ்ச உப்புத்தண்ணி கரண்டு கடத்தும், சின்ன கால்கள் எல்லாம் பச்சைக் களிம்பு புடிக்கும், ரேம் ஸ்லாட்டும் யூஎஸ்பி போர்ட்டும்தான் மொதல்ல போகும்.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, எப்பவும் ஓடிக்கிட்டு இருக்குற பெட்டி உள்ள கொஞ்சம் சூடா இருக்கும், அந்த சூட்டுல ஈரம் தங்காது. அணைச்சு மூலையில போட்ட பெட்டிதான் சீக்கிரம் களிம்பு புடிக்கும். அதனால ஸ்பேரா ஒரு பெட்டி வாங்கி வச்சா சும்மா அலமாரியில வைக்காம ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டு நாலு போட்டு மூடி வை. ஃபேன் உள்ள பெட்டி காத்த உள்ள இழுக்கும், காத்தோட உப்பையும் இழுக்கும். ஃபேன் இல்லாததுதான் நல்லது, டெல் வைஸ் 5070 தின் கிளையண்ட்டுங்குற ஆபீஸ் குட்டி பெட்டி அந்த ரகம், உன் வேலை கொஞ்சம் குறைச்சலா இருந்தா அதுவே போதும். டைனி பிசியில ஃபேன் இருக்கு, இருந்தாலும் லோடு இல்லன்னா மெதுவாத்தான் சுத்தும், வருஷத்துக்கு ஒருதடவ தொறந்து பிரஷ் போட்டு, ரேம கழட்டி அந்த தங்கக் கலர் பல்லுகள பென்சில் ரப்பரால தேச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு தொடைச்சு மாட்டணும், ராம்நாட்ல எந்த சர்வீஸ் பையனும் அரைமணியில முடிச்சுருவான்.

வைக்கிற எடம் பெட்டிய விட முக்கியம். கீழக்கரை தென்கடல பாத்த ஊரு, ஆனி ஆடியில அடிக்கிற கச்சான் காத்து மாடியில தெக்கால ஜன்னல் வழியா நேரா உள்ள வரும். அந்தப் பக்க ரூம்ல வைக்காத. மாடிப்படி ரூம், வாட்டர் டேங்க் பக்கம், ஷெட்டு, எதுவும் வேணாம். உங்க பழைய வீடுகள்ல நடுவுல ஒரு உள் ரூம் இருக்கும்ல, அங்க தரையில இருந்து நெஞ்சு உயரத்துல ஒரு ஷெல்ஃப், கதவு இல்லாத ஷெல்ஃப். கதவு போட்டு அடைச்சா சூடு ஏறும், உள்ள பல்லி குடும்பம் நடத்தும். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டி கண்ட்ரோல் போர்டு), ரிலே போர்டுன்னு வெளிய வைக்கிறதுக்கு மட்டும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே (போர்டு மேல ஈரம் படாம காக்குற பூச்சு) அடிச்சு ஐபி65 பாக்ஸ்ல (தூசி, தண்ணி போகாத பெட்டி) போடு, கனெக்டர் மேல டேப் ஒட்டிட்டு அடிக்கணும்.

ஜிக்பீ டாங்கிள நேரா பெட்டியில சொருகாத. யூஎஸ்பி 3 போர்ட்டுல இருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் வரும், ஜிக்பீயும் அதே எடத்துலதான் பேசுது, சென்சார் எல்லாம் வந்து வந்து போகும், நீ டாங்கிள்தான் கெட்டுப்போச்சுன்னு நெனைப்ப. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு தள்ளி வச்சா சரியாயிரும். ஜீவேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு ஒயர்லெஸ் முறை) பக்கம் போகாத, இந்தியாவுக்கு 865.2 மெகாஹெர்ட்ஸ், நீ வளைகுடாவுல இருந்து வாங்கிட்டு வர்றது ஐரோப்பா அலைவரிசையா இருக்கும், இங்க உள்ள சாதனத்தோட சேராது. பெட்டிய ரவுட்டரோட லேன் ஒயர்லதான் இணைக்கணும், வைஃபைல வேணாம். கேட்டு கேமராவுக்கு வெளிய போற லேன் ஒயர்தான் இடி மின்னல வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்ற வழி. அதுக்கு சர்ஜ் புரொடெக்டர் போட்டு எர்த்தோட கட்டு, முடிஞ்சா அந்தத் தூரத்த ஃபைபர்ல ஓட்டு, கண்ணாடி இழையில மின்னல் வராது.

மோட்டார் விஷயத்துல மட்டும் கண்டிப்பா சொல்றேன். கண்ட்ரோலர் செத்தாலும் தொட்டி வழியக் கூடாது, மோட்டார் தண்ணி இல்லாம வெறும ஓடக் கூடாது, அந்த ரெண்டையும் சாஃப்ட்வேர்ட்ட விடாத. ஃப்ளோட் சுவிட்ச (தொட்டி நெறைஞ்சா அணைக்கிற சுவிட்ச்) கான்டாக்டர் (மோட்டாருக்கு கரண்டு விடுற பெரிய சுவிட்ச்) காயில் லைன்லயே சீரிஸ்ல போடு, டிரை ரன் கட்ஆஃப் உள்ள ஸ்டார்ட்டர் வாங்கு, ஸ்மார்ட் ரிலே அந்த காயில மட்டும்தான் ஆன் ஆஃப் பண்ணணும். ஸ்மார்ட் பிளக்ல நேரா ஒன்றரை எச்பி மோட்டார மாட்டுனா ஸ்டார்ட் ஆகுறப்ப இழுக்குற கரண்டுல ரிலே முள்ளு ஒட்டிக்கும், அப்புறம் நீ ஆப்புல ஆஃப் பண்ணா ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கும். ஈஎஸ்பிஹோம்ல (ஈஎஸ்பி32 போர்டுல ஓடுற சாஃப்ட்வேர்) அந்த ரிலேவுக்கு ரீஸ்டோர் மோடு ஆல்வேஸ் ஆஃப்னு வை, கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சுரக் கூடாது. பக்கத்துல சாதா சுவிட்ச் ஒண்ணும் இருக்கட்டும், உம்மா போன தேடாம மோட்டார் போடணும்ல.

பழைய லேப்டாப் இருக்கு, பேட்டரியே யூபிஎஸ் ஆயிரும்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா எப்பவும் சார்ஜர்ல கெடந்தா நம்ம வெக்கையில பேட்டரி உப்பிரும், ஆள் பாக்காத எடத்துல உப்புன லித்தியம் பேட்டரி இருக்குறது எனக்குப் புடிக்காது. சார்ஜ 60 சதவீதத்துல நிறுத்துற வசதி உள்ள மாடல்னா தற்காலிகமா வச்சுக்கலாம்.

பேக்கப்ப தினமும் தானா கூகிள் டிரைவுக்கு போற மாதிரி வச்சுரு, ஹோம் அசிஸ்டண்ட்லயே இப்ப அந்த வசதி இருக்கு. அது பேக்கப்ப பூட்டித்தான் வைக்கும், அந்த சாவி எழுத்த உன் போன்லயும் பேப்பர்லயும் எழுதி வச்சுக்க, அது இல்லன்னா பேக்கப் இருந்தும் இல்லாத கணக்கு. ஹோம் அசிஸ்டண்ட் போட்டு, ஒருதடவ ரீஸ்டோர் பண்ணிப் பாத்த இன்னொரு எஸ்எஸ்டிய பெட்டியோட ஷெல்ஃப்லயே சிலிக்கா ஜெல் கவர்ல வை, ஒயர் எது எங்க சொருகணும்னு ஒவ்வொரு ஒயர்லயும் கலர் டேப்பு சுத்தி அதே கலர போர்ட்டு பக்கத்துலயும் ஒட்டிரு. வாப்பாவுக்கு சிவப்பு சிவப்போட, நீலம் நீலத்தோடன்னு போன்ல சொன்னா முடிஞ்சுது.

கேமரா எத்தனைன்னு நீ சொல்லல. ஒண்ணு ரெண்டுன்னா மேல சொன்ன பெட்டியே ஃப்ரிகேட்டையும் (கேமரா படத்துல ஆள கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்) தாங்கும், இன்டெல் கிராஃபிக்ஸ்லயே ஆள் அடையாளம் பாக்குற வேலைய ஓட்டிக்கலாம், ரேம் மட்டும் 8 ஜிபி போடு. நாலுக்கு மேலன்னா ரெக்கார்டிங்குக்கு தனியா என்விஆர் (கேமரா ரெக்கார்டர் பெட்டி) வாங்கிரு, கேமரா எழுதுற எழுத்த இந்த எஸ்எஸ்டி மேல ஏத்தாத. எத்தன கேமரா, இன்வெர்ட்டர் என்ன மாடல், இந்த ரெண்டையும் சொல்லு, எந்த பெட்டின்னு முடிவு பண்ணிரலாம்.